பாரம்பரிய நெல்லுக்குத் திரும்பினால் விவசாயம் பிழைத்துவிடுமா?

கேள்வி: பசுமைப் புரட்சிதான் நம் விவசாயத்தைக் கெடுத்ததா? எல்லோரும் பாரம்பரிய நெல்லுக்குத் திரும்பினால் போதுமா? இன்னும் முப்பது வருஷத்தில் நம் சோறு எங்கிருந்து வரும்?

மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கு ஒன்பது மா நிலம் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: மூன்று மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. வார நாட்களில் கும்பகோணத்தில் வேலை பார்க்கிறேன், சனி ஞாயிறு வயலில் இருப்பேன். அப்பாவுக்கு எழுபது வயது, இன்னும் அவர்தான் மடை திறக்கிறார். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. இதே விஷயத்தை எங்கள் வீட்டுத் திண்ணையில் பல வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் பழைய காலத்தைப் பற்றி. "அந்தக் காலத்தில் எல்லோரும் கவுனியும் மாப்பிள்ளைச் சம்பாவும் சாப்பிட்டு ஆரோக்கியமாக இருந்தார்கள்" என்று எழுதுகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. தஞ்சாவூர் ஜில்லா நெற்களஞ்சியம் என்பது உண்மை. ஆனால் அந்தக் களஞ்சியத்துக்கு நாற்று நட்டவர்கள் வீட்டில் மூன்று வேளைச் சோறு இல்லை. கூலியாக வந்த நெல்லைக் குத்தி ராத்திரி ஒரு வேளை வடித்துவிட்டு, மீதியில் தண்ணீர் ஊற்றி மறுநாள் பகலைக் கழித்தார்கள். மழையை மட்டும் நம்பிய மாவட்டங்களில் கேழ்வரகும் கம்பும் சோளமும் வரகும்தான் சாப்பாடு, அரிசிச் சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும். 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் செத்தவர்கள் லட்சக்கணக்கில். எங்கள் அப்பாயி அந்தப் பஞ்சத்தைப் பார்த்ததில்லை, அவருடைய பாட்டி சொல்லிக் கேட்டதுதான். ஆனாலும் சோற்றை வீணாக்கும் பிள்ளையைப் பார்த்தால் "தாது வருஷத்துல பொறந்திருந்தா தெரியும்" என்பார்.

1960களுக்கு வருவோம். 1960-61இல் நாடு முழுக்க இருந்த சராசரி அரிசி விளைச்சல் ஹெக்டேருக்குச் சுமார் ஒரு டன். 1965லும் 1966லும் அடுத்தடுத்து மழை பொய்த்தது. அமெரிக்காவிலிருந்து பி.எல். 480 என்ற உணவு உதவித் திட்டக் கோதுமை கப்பல் கப்பலாக வந்து இறங்கியது, 1966இல் மட்டும் ஒரு கோடி டன் அளவுக்குத் தானியம் இறக்குமதி ஆனது. லால் பகதூர் சாஸ்திரி வாரத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டை விடச் சொல்லி நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். தமிழ்நாட்டில் அரிசித் தட்டுப்பாடு 1967 தேர்தலையே புரட்டிப் போட்டது. "ரூபாய்க்கு ஒரு படி அரிசி" என்ற வாக்குறுதிக்கு அவ்வளவு பலம் கிடைத்தது பசியால்தான். இதையெல்லாம் விட்டுவிட்டுப் பசுமைப் புரட்சியை எடை போடுவது நியாயம் இல்லை.

எங்கள் பக்கத்தில் அது எப்படி வந்தது? தாத்தா காலத்தில் 1960-61இல் தஞ்சாவூரைத் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கான முதல் ஏழு மாவட்டங்களில் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தார்கள். விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாம் சேர்த்து ஒரே பொட்டலமாகக் கொடுப்பதுதான் திட்டம். 1965இல் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ஏ.டி.டி. 27 என்ற நெல்லை வெளியிட்டது. 1922இல் தொடங்கிய நிலையம் அது. நம் ஊர் ஜி.இ.பி. 24, அதாவது கிச்சிலிச் சம்பா, ஜப்பானிய நெல்லான நோரின் 10, இந்த இரண்டையும் இனக்கலப்பு செய்து பிறந்த ரகம். சுமார் 105 நாளில் அறுவடைக்கு வந்துவிடும், ஜூனில் தொடங்கும் குறுகிய காலப் போகமான குறுவைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. அதற்கு அடுத்த வருஷம் பிலிப்பைன்ஸிலிருந்து ஐ.ஆர். 8 என்ற நெல் ரகம். அப்பாவுக்கு அப்போது பத்து, பதினொரு வயது. "ஆடுதுறை நெல்லு களத்துல குவிஞ்சப்ப தாத்தா மரக்காலைக் கையில வெச்சுக்கிட்டு அளக்காமலே நின்னாருடா, இவ்வளவு நம்ம வயலா குடுத்துச்சுன்னு" என்று இப்போதும் சொல்வார். அந்த ஒரு காட்சிக்காக நான் பசுமைப் புரட்சியைத் திட்டமாட்டேன்.

ஆனால் அந்த மாற்றத்தை விதை மட்டும் கொண்டுவரவில்லை. என் பதில் முழுவதும் இதைப் பிடித்துத்தான் போகும். 1965 ஜனவரி 14, பொங்கல் சமயத்தில் இந்திய உணவுக் கழகம் தொடங்கியது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் எங்கே தெரியுமா? தஞ்சாவூரில். புது விதை வந்த அதே வருஷம், விளைந்ததை வாங்கிக்கொள்ள ஒருவர் பையைத் திறந்து வைத்தார். 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. அப்புறம் ஊர் ஊராக நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள், தெருத் தெருவாக ரேஷன் கடைகள், 2011 ஜூனிலிருந்து ரேஷனில் இலவச அரிசி. அறுபது வருஷமாக எங்கள் காவிரி டெல்டா விவசாயிக்கு ஒரு விஷயம் உறுதி: நெல்லைப் போட்டால் என்ன விலையானாலும் வாங்க ஆள் உண்டு. உளுந்துக்கோ எள்ளுக்கோ கேழ்வரகுக்கோ அப்படி ஒரு உறுதி யாரும் தரவில்லை. அதனால்தான் நாங்கள் நெல் போட்டுக்கொண்டே இருக்கிறோம். பாசமும் பழக்கமும் உண்டு, ஆனால் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியவன் பாசத்தை வைத்துப் பயிரைத் தீர்மானிக்க மாட்டான்.

கெட்டதையும் சொல்ல வேண்டும். களத்தில் குவிந்த நெல் எல்லோருக்கும் சமமாகப் போகவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு, கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசையோடு எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். அவர்கள் கேட்டது கூடுதலாக அரைப்படி நெல். விளைச்சல் ஏறிய அதே வருஷங்களில், அதே மாவட்டத்தில் நடந்தது இது. விவசாய வரலாற்றை விதையின் வரலாறாக மட்டும் எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எங்கள் வயலில் வேலை செய்தவர்களின் பிள்ளைகள் இன்று திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். "வேலைக்கு ஆள் கிடைக்கல" என்று புலம்பும் மிராசுதார்கள் அந்த அரைப்படியைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அப்புறம் வயலுக்குள் நடந்த மாற்றங்கள். ஐ.ஆர். 8இன் ரகசியமே அதன் குட்டைத் தண்டுதான். பழைய நெல் இடுப்புக்கும் நெஞ்சுக்கும் உயரமாக வளரும். அதற்கு யூரியா போட்டால் இன்னும் உயர்ந்து, கதிர் பாரத்தில் சாய்ந்து, தண்ணீரில் கிடந்து முளைத்துவிடும். குட்டை ரகம் உரத்தை வாங்கிக்கொண்டு நிமிர்ந்து நிற்கும், உரம் நெல்லாக மாறும். ஆனால் தண்டு குட்டையானதும் வைக்கோல் குறைந்தது. வைக்கோல் குறைந்ததும் மாடு பாரமானது. மாடு போனதும் எருக்குழி காலியானது. பசுந்தாள் உரத்துக்காகக் கொளிஞ்சி விதைக்கிற பழக்கம் மெல்லப் போயிற்று, கோடையில் ஆட்டுக்கிடை போடுவதும் குறைந்தது. மண்ணுக்கு வேறு தீனி இல்லை என்றானதும் மூட்டை உரம் கூடியது. கரும்பச்சையாகத் தளதளவென்று நிற்கும் வயலுக்குத்தான் புகையான் பூச்சி முதலில் வரும், அதற்கு மருந்து. ஒன்று ஒன்றாகத்தான் வந்தது. எந்த இடத்திலும் யாரும் "மண்ணைக் கெடுப்போம்" என்று முடிவு எடுக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் அந்த வருஷத்துக்குச் சரியாகப் பட்டதைச் செய்தார்கள்.

சரி, அப்படியானால் பழைய நெல்லுக்கே திரும்பிவிடலாமே? நாங்கள் செய்து பார்த்தோம்.

இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் ஐயாவின் பேச்சை நேரில் கேட்டவன் நான். பாரம்பரிய நெல் விதைகளைத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டிப் பக்கம் நடத்திய நெல் திருவிழாவில் இரண்டு கிலோ மாப்பிள்ளைச் சம்பா விதை வாங்கி வந்தேன். இரண்டு கிலோ வாங்கினால் அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அதுதான் அங்கே நிபந்தனை. அவர் 150க்கும் மேற்பட்ட ரகங்களை அப்படித்தான் கை மாற்றிக் கை மாற்றி உயிரோடு வைத்தார். 2018 டிசம்பரில் அவர் மறைந்தபோது எங்கள் ஊரில் துக்கம் கேட்காத வீடு இல்லை.

அந்த விதையைப் பெருக்கி ஒரு மா போட்டோம். ஐந்து மாதத்துக்கு மேல் நிற்கும் பயிர். உரம் இல்லை, மருந்து இல்லை, இரண்டு முறை சாணமும் கோமியமும் வெல்லமும் கலந்த அமிர்தக் கரைசல் மட்டும். கார்த்திகை மழையில் பக்கத்து வயல் முங்கிக் கிடந்தபோது இது தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தை கடைசியில் அறுத்தோம். பக்கத்து வயலில் வந்ததில் பாதிக்குக் கொஞ்சம் மேல் கிடைத்தது. செலவு மிகக் குறைவு, அதனால் அதுவே நஷ்டம் இல்லை. பிரச்சினை விற்கிற இடத்தில் வந்தது.

கொள்முதல் நிலையத்துக்குப் போனால் அங்கே இரண்டே வகை, சாதா ரகம், சன்ன ரகம். மாப்பிள்ளைச் சம்பா என்றால் அவர்களுக்கு மோட்டா நெல், சாதா விலை. அரிசியாக்கி விற்கலாம் என்றால் பக்கத்து மில்லில் ஒரு லோடுக்குக் குறைந்து அரைக்க மாட்டேன் என்றார்கள். கடைசியில் முப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு சின்ன மில்லில் அரைத்து, வாட்ஸாப்பில் தெரிந்தவர்களுக்குச் சொல்லி, இரண்டு கிலோ, ஐந்து கிலோ என்று கூரியர் போட்டு விற்றேன். விற்று முடிக்க ஏழு மாதம் ஆனது. நடுவில் வண்டு விழுந்து ஒரு மூட்டை போனது. எனக்கு மாதச் சம்பளம் இருக்கிறது, அதனால் தாங்கினேன். அதே தெருவில் குத்தகைக்குச் சாகுபடி செய்யும் அண்ணன் ஒருவர் என்னைப் பார்த்து ஆசைப்பட்டுக் கேட்டபோது, "அரை மாவுக்கு மேல போடாதீங்கண்ணே" என்றுதான் சொன்னேன். சொல்லும்போது மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

விதை தயாராக இருக்கிறது, விவசாயியும் தயாராக இருக்கிறார். வாங்கும் கைதான் இல்லை.

ஒரே ராத்திரியில் எல்லோரையும் திருப்பிவிடலாம் என்பதற்கும் ஒரு அனுபவம் கண் முன்னால் இருக்கிறது. 2021இல் இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடை செய்தது. மண்ணைத் தயார் செய்ய அவகாசம் இல்லை, மாற்று எருவும் போதிய அளவில் இல்லை. நெல் விளைச்சல் கடுமையாக விழுந்தது, தேயிலையும் அடி வாங்கியது, அந்த வருஷ முடிவுக்குள்ளேயே தடையை விலக்கிக்கொள்ள வேண்டி வந்தது. இயற்கை விவசாயம் தோற்றது என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஐம்பது வருஷமாக உரத்துக்குப் பழகிய மண் ஒரே போகத்தில் மாறாது. எங்கள் ஒரு மாவுக்கே மூன்று வருஷம் பிடித்தது.

பழசா புதுசா என்று சண்டை போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. காரணம் ஒரு நெல்தான். ஒடிசாவின் பழைய உள்ளூர் நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர். 13ஏ என்று ஒரு ரகம். பதினைந்து நாள் வெள்ளத்தில் முழுக முழுகக் கிடந்தாலும் சாகாது, ஆனால் விளைச்சல் குறைவு. அது ஏன் சாகவில்லை என்பதற்குக் காரணமான 'சப் 1' மரபணுவை 2006இல் அடையாளம் கண்டார்கள். முங்கியதும் மற்ற நெல் மேலே வர அவசரப்பட்டு வளர்ந்து, இருக்கிற சத்தையெல்லாம் தீர்த்துக்கொள்ளும். இது வளர்ச்சியை நிறுத்திவிட்டுத் தண்ணீர் வடியும்வரை காத்திருக்கும். அந்தக் குணத்தை வழக்கமான இனக்கலப்பு முறையிலேயே நல்ல விளைச்சல் ரகங்களுக்குள் கொண்டுவந்தார்கள். எங்கள் பக்கம் சம்பாவுக்குப் போடும் சி.ஆர். 1009இலும் இப்போது சப் 1 விதை கிடைக்கிறது. ஒடிசாவில் யாரோ ஒரு குடும்பம் அந்த நெல்லைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால்தான் இன்று பல லட்சம் ஏக்கர் பிழைக்கிறது. பாரம்பரிய விதையைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்வது இதற்காக. களரில் வளர்வதும் ஏரிக்குள் வளர்வதும் வறட்சி தாங்குவதும் அந்தப் பழைய ரகங்களில்தான் இருக்கின்றன. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் நிலத்தடி நீர் உப்பாகிக்கொண்டு வருகிறது. நாளைக்கு அங்கே எந்த நெல் தேவைப்படும் என்று இன்று யாருக்குத் தெரியும்?

இனி, எதிர்காலம். டெல்டாவின் எதிர்காலம் முதலில் தண்ணீர்க் கணக்கு. 1934இல் மேட்டூர் அணை திறந்ததிலிருந்து எங்கள் பஞ்சாங்கமே ஜூன் 12தான். அன்றைக்குத் திறந்தால் குறுவை. 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் தொடர்ந்து அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. 2023இல் சரியாகத் திறந்தும் தண்ணீர் போதாமல் குறுவை கண் முன்னால் காய்ந்தது. பம்புசெட் உள்ளவர்கள் தப்பித்தார்கள், ஆனால் எல்லோரும் உறிஞ்சினால் அந்தத் தண்ணீர் எத்தனை நாளைக்கு?

நெல்லுக்கு எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை. தண்ணீர் கட்டி, மண்ணில் சுண்டி மயிர்க்கால் வெடிப்பு விடும்போது மறுபடி கட்டினால் போதும். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று இதற்கு நம்மிடம் பேரே இருக்கிறது. தண்ணீரும் மிச்சம், வயலிலிருந்து கிளம்பும் மீத்தேனும் குறையும். தண்ணீர் கட்டிக் கிடக்கும் சேற்றில் காற்று இல்லாமல் வாழும் நுண்ணுயிர்கள்தான் அந்த வாயுவை உண்டாக்குகின்றன, மண் காற்று வாங்கினால் அவை அடங்கிவிடும். அதிகாரிகள் வருஷா வருஷம் வந்து சொல்கிறார்கள், அப்பாவும் தலையாட்டுவார். ஆனால் செய்ய மாட்டார். ஏன் என்று கேட்டேன். "காயப்போட்டுட்டு அடுத்த முறைத் தண்ணி வரலேன்னா யார் பொறுப்பு?" என்றார். வாய்க்காலின் கடைசியில் நிலம் வைத்திருக்கும் கடைமடைக்காரனுக்கு வாய்க்காலில் தண்ணீர் கண்ணில் படும்போது கட்டி வைத்துக்கொள்வதுதான் காப்பீடு. முறைத் தண்ணீர் சொன்ன நாளில் வரும் என்று நம்பிக்கை வந்தால் அவரே காயப்போடுவார். தொழில்நுட்பம் என்று நினைப்பது பாதி இடத்தில் நம்பிக்கைப் பிரச்சினைதான்.

அடுத்தது, என்ன விளைவிப்பது என்பது. எனக்கு மிகவும் பிடித்த பயிர் நெல் அல்ல, நெல்லுக்குப் பின்னால் வரும் உளுந்து. சம்பா அறுப்புக்கோ, குறுவைக்குப் பின் போடும் தாளடி அறுப்புக்கோ ஒரு வாரம், பத்து நாள் முன்னால், வயலில் தண்ணீர் வடிந்து மண் மெழுகுப் பதத்தில் இருக்கும். கால் வைத்தால் அமுங்கும், ஒட்டாது. சாயங்காலம் நிற்கிற நெல்லுக்குள்ளேயே நடந்து உளுந்தைத் தெளிப்போம். முற்றிய கதிர் முழங்கையில் உரச, விதை நெல்தாளுக்கு நடுவில் சத்தமில்லாமல் விழும். நெல்லை அரிவாளால் அறுத்து எடுத்ததும் தாள்களுக்கு இடையே இரண்டு இலையோடு பச்சை தெரியும். உழவு இல்லை, உரம் இல்லை, தனித் தண்ணீர் இல்லை. பனியிலும் மிச்ச ஈரத்திலும் வளர்ந்து பங்குனியில் உளுந்து வீட்டுக்கு வரும். மண்ணுக்குத் தழைச்சத்தும் கிடைக்கும். இவ்வளவு சிக்கனமான சாகுபடியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இப்போது பெல்ட் வண்டி என்ற அறுவடை இயந்திரத்தில் அறுக்கிறோம். அந்தப் பாரம் ஏறினால் முளைத்த உளுந்து சேற்றோடு நசுங்கிவிடும். வைக்கோல் கட்டும் மிஷின் வேறு பின்னாலேயே வரும். எங்கள் ஊரில் முன்பு கண்ணுக்கு எட்டிய தூரம் வரை இருந்த உளுந்து இன்று அங்கங்கே திட்டுத் திட்டாக நிற்கிறது. இந்த நாடு பருப்பைப் பல லட்சம் டன் கணக்கில் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது, எங்கள் மண் மாசியில் சும்மா கிடக்கிறது. ட்ரோன் பற்றிப் பேசுவதற்கு முன்னால், ஈர வயலில் விதை நசுங்காமல் ஓடும் ஒரு லேசான அறுவடை வண்டியை யாராவது செய்து தரட்டும். விவசாய எதிர்காலம் என்றால் என் மனசில் முதலில் வருவது அதுதான்.

மூன்றாவது, ரேஷனும் சத்துணவும். 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். கேழ்வரகை அரசே விவசாயிகளிடம் நேரடியாகக் கொள்முதலும் செய்கிறது. ஒடிசாவிலும் 2017 முதல் சிறுதானியத்துக்கு இப்படி ஒரு திட்டம் நடக்கிறது. எனக்கு இது பெரிய செய்தியாகப் பட்டது. 1965இல் நெல்லுக்குத் திறந்த பை இப்போது இன்னொரு தானியத்துக்குக் கொஞ்சம் திறந்திருக்கிறது. தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு, மதிய உணவு இரண்டும் உண்டு. அந்தத் தட்டில் வாரம் இரண்டு நாள் உள்ளூர்ப் பயறும் ஒரு நாள் பூங்கார், கிச்சிலி மாதிரிப் பழைய நெல்லரிசியும் அந்தந்த வட்டாரத்திலேயே வாங்கிப் போடுவோம் என்று அரசு எழுதிக் கொடுத்தால், நான் ஏழு மாதம் கூரியர் போட்டு விற்றதை எங்கள் ஊர் ஒரே வாரத்தில் விற்றுவிடும். மில்காரரும் தானாகச் சின்ன மிஷின் வைப்பார்.

ஆகவே கேள்விக்கு நேராகவே சொல்கிறேன். பசுமைப் புரட்சி எங்கள் பசியை ஆற்றியது, மண்ணுக்குக் கடன் வைத்தது. பழைய நெல் மட்டும் அந்தக் கடனை அடைக்காது. முப்பது வருஷம் கழித்தும் நம் சோறு இதே டெல்டாவிலிருந்து வர முடியும், ஆனால் குறுவைக்கு ஒன்று, வெள்ளத்துக்கு ஒன்று, உப்பு மண்ணுக்கு ஒன்று என்று வேறு வேறு நெல்லாக, நடுவில் பயறோடு வர வேண்டும். அதை வாங்கிக்கொள்ள நகரத்தில் நீங்களும் ஊரில் ஒரு கொள்முதல் நிலையமும் வேண்டும்.

இந்த வருஷம் ஒன்பது மாவில் ஒரு மாவை மட்டும் கையால் அறுப்பதாக முடிவு செய்திருக்கிறோம், உளுந்துக்காக. தெருவில் மூன்று அக்காக்கள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வண்டி வாடகையைவிடக் கூலி கூடத்தான் ஆகும், அப்பா ஒத்துக்கொண்டுவிட்டார். செலவு எவ்வளவு, உளுந்து எத்தனை மரக்கால் என்பதைப் பங்குனியில் இந்தப் பதிலிலேயே சேர்க்கிறேன்.